பதினொன்று இருபத்தாறுக்கு வந்த உறை

அந்த அலுவலகத்தின் வாசலில் மாட்டியிருந்த பலகை ஆறடி நீளம். அதில் பாதியைச் 'சுயேச்சை' என்ற ஒரு சொல்லே அடைத்துக்கொண்டிருந்தது. காவல்துறையினர் மீது பொதுமக்கள் கொடுக்கும் புகார்களைச் சுயேச்சையாக மறுஆய்வு செய்யும் மன்றம் என்பது முழுப்பெயர். கீழ்த்தளத்தில் காவல்துறையின் சீருடைக் கிடங்கு, முதல் மாடியில் காவலர் கேன்டீன், இரண்டாம் மாடியில் வயர்லெஸ் பழுதுபார்க்கும் பிரிவு, மூன்றாம் மாடியில் மன்றம். லிப்ட் சாவி கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் கான்ஸ்டபிளிடம் இருக்கும். போலீஸ் அடித்துக் கால் ஒடிந்தவர் போலீஸ்காரரிடமே சாவி கேட்டு, லிப்டில் ஏறிப் போய், போலீஸ் மேல் புகார் கொடுக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். மன்றத்தின் பதினொரு நாற்காலிகளும் கீழ்த்தளக் கிடங்கிலிருந்து இரவலாக வந்தவை. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் கிடங்கு எண் இருந்தது. தலைவர் உட்கார்ந்தது 407.

ஒன்பது வருஷத்தில் அங்கே வந்த புகார்கள் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. 'நிரூபிக்கப்படவில்லை' என்று முடிந்தவை ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது. புகார்தாரரே திரும்பப் பெற்றுக்கொண்டவை ஐந்து. முடிவு வருவதற்குள் புகார்தாரர் செத்துப்போனவை இரண்டு. 'நிரூபிக்கப்பட்டது' என்று ஒரு பத்தியும் பதிவேட்டில் கோடு போட்டு வைத்திருந்தது. அச்சடித்தவன் தெரியாமல் போட்டுவிட்டான் போலிருக்கிறது. ஒன்பது வருஷமும் அது வெள்ளையாகவே கிடந்தது.

இந்த எண்களையெல்லாம் எந்த நேரத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அந்த அலுவலகத்தில் ஒருவர்தான் இருந்தார். வரும் தபாலையும் போகும் தபாலையும் பதிவு செய்யும் எழுத்தர் அம்மாள். வயது ஐம்பத்தொன்பது, அந்த ஜூன் முப்பதோடு ஓய்வு. அவரை அலுவலகத்தில் எல்லோரும் 'நிமிஷம்' என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் கேலியாக ஆரம்பித்த பெயர், பிறகு முகத்துக்கு நேரேயும் ஒட்டிக்கொண்டது. வரவு முத்திரையில் தேதி மட்டும்தான் விழும். அதற்குக் கீழே மணியும் நிமிஷமும் கையால் எழுதுவது அவர் வழக்கம். யாரும் எழுதச் சொல்லவில்லை, விதியிலும் இல்லை. தினமும் காலையில் வந்ததும் ரேடியோவின் நேர ஒலியைக் கேட்டுச் சுவர்க் கடிகாரத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

இந்தப் பழக்கம் அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. இருபத்தாறு வயதில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் விபத்துப் பிரிவில் வரவுப் பதிவேடு எழுதினார். ஒருநாள் காலை ஆறு பத்துக்கு இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தினார்கள். வரும்போதே உயிர் இல்லை. அவர்களில் மூத்தவர் மேஜையில் முழங்கையை ஊன்றி, "ஒன்பதுன்னு போடும்மா. வழியில டிராபிக்" என்றார். காலை ஆறு மணிக்கு என்ன டிராபிக் என்று நிமிஷம் கேட்கவில்லை. ஒன்பது என்று போட்டார். ஸ்டேஷனில் செத்தவனை வழியில் செத்தவனாகக் காட்டத்தான் அந்த மூன்று மணி நேரம் தேவைப்பட்டது என்பது பத்து நாள் கழித்து, செத்தவனின் அக்கா பதிவேட்டைப் பார்க்க வந்து, ஒன்பது என்ற எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. அந்தப் பெண் திட்டவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்று நிமிஷம் பல வருஷம் நினைத்திருக்கிறார். அன்றையிலிருந்து தன் கையால் ஒரு நிமிஷத்தைக்கூடத் தள்ளி எழுதியதில்லை.

மன்றத்தின் மற்ற ஆட்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதற்கு அதிக நேரம் ஆகாது.

தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. நீதிமன்றத்தில் இருந்த காலத்தில் அவர் எழுதிய தீர்ப்புகளில் பாதிக்கு மேல் அப்பீலில் உடைந்தன. இங்கே அந்தக் கவலை இல்லை, ஏனென்றால் இங்கே அவர் எழுதுவதே இல்லை. செவ்வாயும் வெள்ளியும் பதினொரு மணிக்கு வந்து பன்னிரண்டரைக்குப் போய்விடுவார். கோர்ட்டுச் சடங்குகளை மட்டும் அவரால் விட முடியவில்லை. அவர் உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். விசாரணை தொடங்குமுன் பதிவேட்டு எழுத்தர் எழுந்து, அந்தப் புகார் சம்பந்தமாக எந்தக் காகிதம் எப்போது வந்தது, எப்போது போனது என்று உரக்க வாசிக்க வேண்டும். இதற்குத் 'தேதி வாசிப்பு' என்று பெயர் வைத்திருந்தார். அந்த நேரத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார், மற்றவர்கள் டீ குடிப்பார்கள். ஒன்பது வருஷத்தில் ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

செயலர் முப்பத்தொரு வருஷம் போலீசில் இருந்தவர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாலை மரியாதையோடு அங்கே ஓய்வுபெற்று, திங்கட்கிழமை காலையில் இங்கே செயலராக வந்து உட்கார்ந்தார். இடையில் வந்த சனி ஞாயிறு இரண்டு நாளும் அவர் சுயேச்சையாக இருந்தார் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். மன்றத்தின் வேலை முறையை வகுத்தவர் அவர்தான். புகார் வந்தால், எந்த ஸ்டேஷன் மேல் புகாரோ அந்த ஸ்டேஷனுக்கே ஒரு கடிதம் போகும், இது பற்றித் தங்கள் விளக்கம் என்ன என்று கேட்டு. புகார் பொய் என்று ஸ்டேஷன் விளக்கம் எழுதும். விளக்கத்தை ஏற்று மன்றம் ஆணை போடும். திருடனிடமே போய் நீ திருடினாயா என்று கேட்டு, இல்லை என்றதும் வணக்கம் சொல்லிவிட்டு வருகிற இந்த வேலைக்கு ஒரு தலைவர், ஒரு செயலர், பதினொரு நாற்காலி.

ஆணையைக்கூட ஸ்டேஷன் ரைட்டர்தான் எழுதுகிறார் என்பது நிமிஷத்துக்கு வெகுநாள் சந்தேகம். 'மேற்படி நபர்', 'தகாத வார்த்தைகளால் திட்டி', 'தக்க பாதுகாப்புடன்' என்று மன்றத்தின் ஆணைகள் எஃப்.ஐ.ஆர் மாதிரியே பேசின. ஆனால் அந்தக் காகிதங்கள் அவருடைய மேஜை வழியாக வந்ததே இல்லை. முதல் மாடிக் கேன்டீனில் நாலு மணி டீயோடு கைமாறி, செயலரின் பையில் ஏறி வந்தன. பதிவேட்டுக்கு வராத காகிதத்தைப் பற்றி நிமிஷம் யாரிடமும் பேச மாட்டார்.

மார்ச் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, பூட்டுக்காரர் வந்தார்.

இரண்டு தெரு தள்ளி, பூட்டுச் சாவிக் கடை வைத்திருப்பவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. நான்கு பக்கப் புகாரை மனைவியை எழுதச் சொல்லிக் கொண்டுவந்திருந்தார். கூடவே ஆஸ்பத்திரிச் சீட்டு. விஷயம் இதுதான். ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருடைய மச்சான் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார். குடியிருந்தவர்கள் ஊருக்குப் போயிருந்த சமயம் வீட்டைத் திறந்து சாமான்களை வெளியே போட வேண்டும் என்று ஆசைப்பட்டார். பூட்டைத் திறக்கப் பூட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். பூட்டுக்காரர், குடியிருப்பவர்கள் வரட்டும், இல்லாவிட்டால் கோர்ட்டுக் காகிதம் காட்டுங்கள் என்றார். அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மேஜை டிராயரில் விரலை வைக்கச் சொல்லி டிராயரைச் சாத்தினார்கள். இரண்டு முறை.

"சாவி செய்யிறவனுக்கு விரல்தாம்மா கண்ணு" என்றார் அவர். அழவில்லை. விஷயம் சொல்கிற மாதிரி சொன்னார்.

நிமிஷம் ஐந்து தாளிலும் முத்திரை போட்டு, 10.42 என்று எழுதி, ரசீது கொடுத்தார். வரிசை எண் 1,147. பூட்டுக்காரர் ரசீதைப் பார்த்தார், தன் இடதுகைக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உங்க கடிகாரம் ரெண்டு நிமிஷம் முன்னாடி ஓடுதும்மா."

"ஓடாது. உங்களுது பின்னாடி ஓடுது."

அவர் சிரித்துவிட்டார். அந்த அலுவலகத்தில் ஒரு புகார்தாரர் சிரித்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். தன் கடையிலும் ஒரு நோட்டு இருக்கிறது என்றார். யாருக்கு எந்தச் சாவி, எந்த அடையாள அட்டை காட்டினார்கள், எத்தனை மணிக்கு என்று எழுதாமல் ஒரு சாவிகூட வெட்டியதில்லையாம். நிமிஷம் அவரை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

போகும்போது ஒரு சந்தேகம் கேட்டார். இந்தப் புகாரைப் பொய் என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? நிமிஷம் உள்ளதைச் சொன்னார். பொய்ப் புகார் என்று ஆணையில் எழுதினால் அதை வைத்தே ஸ்டேஷன் அவர் மேல் வழக்குப் போடலாம். ஆறு மாதம் வரை சிறை. வழக்கில் தண்டனை வாங்கிய எவருக்கும் பூட்டுத் தொழிலுக்கு உரிமம் கிடைக்காது என்பது பூட்டுக்காரருக்கே தெரியும். விரலும் போய்க் கடையும் போகும்.

அவர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "கொடுத்தது கொடுத்ததுதான்" என்று படியில் இறங்கிப் போனார். லிப்ட் சாவி கேட்கவில்லை.

ஸ்டேஷனுக்கு விளக்கம் கேட்கும் கடிதத்தை டைப்பிஸ்ட் வெள்ளிக்கிழமை அடித்தார். செயலர் கையெழுத்துப் போட வேண்டும். செயலர் அன்று ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை பதினாறாம் தேதியும் அந்தக் கடிதம் கையெழுத்து இல்லாமல் நிமிஷத்தின் மேஜையில், பித்தளை எடைக்கல்லுக்கு அடியில் கிடந்தது.

அன்று காலை ஒரு கான்ஸ்டபிள் உறையோடு வந்தார். அந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்து நாலே நாள் ஆனவர். இந்த மாதிரி உறைகள் நாலு மணிக்குக் கேன்டீனுக்குப் போக வேண்டும் என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. மன்றம் என்று மேலே எழுதியிருந்தது, மன்றத்துக்குக் கொண்டுவந்தார். வரவு ஜன்னலில் நீட்டி, தபால் புத்தகத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பாவம், அந்தக் கட்டடத்தில் அன்று ஒழுங்காக வேலை செய்த ஒரே போலீஸ்காரர் அவர்தான்.

நிமிஷம் உறையைப் பிரித்தார். முதலில் இரண்டு பக்கம். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்று, அதன்பேரில் பன்னிரண்டு சாட்சிகளைத் தீர விசாரித்ததில்' என்று ஆரம்பித்தது. அவர் எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்தார். ஸ்டேஷனுக்குக் 'கிடைத்த' கடிதம் கீழே பத்திரமாக இருந்தது. கையெழுத்துக்கூட இல்லை.

அதோடு ஊசி குத்தி இன்னும் மூன்று பக்கம் இருந்தது. மேலே 'மன்றத்தின் ஆணை' என்று தலைப்பு. மேற்படி நபர் குடிபோதையில் தானே டிராயரில் கையை விட்டுக்கொண்டதாகவும், புகார் முற்றிலும் பொய் என்பதால் தள்ளுபடி செய்யப்படுவதாகவும், பொய்ப் புகார் கொடுத்த மேற்படி நபர் மீது வழக்குத் தொடர மன்றம் உத்தரவிடுவதாகவும் இருந்தது. அடியில் தலைவர் கையெழுத்துக்கு இடம் விட்டு, தேதிக்கும் புள்ளி வைத்திருந்தார்கள். விசாரணைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

கேள்வி புறப்படுவதற்கு முன்னால் பதில் வந்துவிட்டது. பதிலோடு தீர்ப்பும் வந்துவிட்டது.

வரும் எந்தத் தாளிலும் முத்திரை விழ வேண்டும் என்பது விதி. நிமிஷம் ஐந்து தாளிலும் முத்திரை குத்தினார். விளக்கத்துக்குக் கீழே 11.26. ஆணைக்குக் கீழே 11.27. பதிவேட்டில் இரண்டு வரி எழுதினார். 'ஸ்டேஷனின் விளக்கம், 2 தாள். இம்மன்றத்தின் ஆணை, கையெழுத்து இல்லாதது, 3 தாள், ஸ்டேஷனிலிருந்து வரப்பெற்றது.' எழுதி முடித்து, காகிதங்களைச் செயலரின் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

காலையிலிருந்து தன் அறைக்கே வராத செயலர் நாலு மணிக்குக் கேன்டீனில் இரண்டு டீ குடித்துவிட்டுக் காத்திருந்தார். உறை வரவில்லை. ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். காலையிலேயே கொடுத்தாகிவிட்டதே என்றார்கள். லிப்ட் கான்ஸ்டபிள் சாவியோடு எங்கேயோ போயிருந்தார். செயலர் இரண்டு மாடிப் படியையும் ஏறி, மூச்சு வாங்க ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"ஏம்மா, கவர் ஒண்ணு வந்துச்சா?"

"வந்துச்சு சார். பதினொண்ணு இருபத்தாறு."

"பிரிச்சியா?"

"பிரிச்சு, முத்திரை போட்டு, பதிவு பண்ணி, உங்க மேஜையில வச்சாச்சு."

அவர் உள்ளே போய் ஐந்து தாளையும் பார்த்தார். பிறகு விளக்கம் கேட்கும் கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னார். நிமிஷம் கொண்டுபோய்க் கொடுத்ததும் அதைப் பார்க்காதது போல் தன் மேஜையிலேயே போட்டு வைத்து, பதினெட்டாம் தேதிதான் கையெழுத்துப் போட்டார். அது பிற்பகல் மூன்று பதினைந்துக்குத் தபாலில் போனது. அதையும் நிமிஷம் எழுதினார்.

மறுநாள் செயலர் அவரை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஒன்பது வருஷத்தில் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்று நிமிஷம் நின்றுகொண்டார்.

"பதினாறாம் தேதிப் பக்கத்துல மை கொட்டிருச்சுன்னு வச்சுக்க" என்றார் செயலர்.

"கொட்டலையே சார்."

"கொட்டும்மா. கொட்டினா அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதலாம்ல. அப்போ அந்தக் கவரை இருபத்திமூணுல எழுதிடு. அவ்வளவுதான்."

"கொட்டினா, எத்தனை மணிக்குக் கொட்டுச்சுன்னு எழுதணும் சார்."

செயலர் அவர் முகத்தையே பார்த்தார். கிண்டல் செய்கிறாரா என்று தெரியவில்லை. கிண்டல் இல்லை. நிஜமாகவே எழுதுவார் என்பது அவருக்கு விளங்கியபோது குரலை மாற்றினார். "ஜூன்ல ரிட்டையர் ஆகப் போற. உன் ஓய்வுக் கோப்பு என்கிட்டதான் இருக்கு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். உங்ககிட்ட வந்தது பிப்ரவரி ரெண்டு. நாலு பத்துக்கு."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நிமிஷம் இதை வீட்டில் சொன்னார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், தம்பி குடும்பத்தோடு இருந்தார். தம்பி மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர், பயந்த சுபாவம். கேட்டதும் தட்டைத் தள்ளிவிட்டார். "அக்கா, இன்னும் மூணு மாசந்தான். கண்டும் காணாம இருந்துட்டு வந்துடேன். அவனுக வச்ச ஆளு, அவனுக ஆணை, நமக்கென்ன வந்துச்சு? அந்த மனுஷன் யாரு, நம்ம மாமனா மச்சானா?"

தம்பி மனைவி சாதாரணமாக நாத்தனாரோடு ஒத்துப்போகிறவர் அல்ல. பால்காரர் வந்த நேரத்தைக்கூடக் காலண்டரில் எழுதி வைக்கும் நாத்தனாரோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம் செய்தவர். அவர் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தார்.

"நம்ம வீட்டு விருந்தாளி எத்தனை மணிக்கு வந்தாங்க, எத்தனை மணிக்குப் போனாங்கன்னு எழுதுறவங்க அவங்க. எங்கம்மா வந்து நாலு நாள் தங்கினதை நாலு நாள், ஆறு மணி நேரம்னு சொன்னவங்க. இப்போ போயி ஒரு போலீஸ்காரனுக்காக ஏழு நாளைத் தள்ளி எழுதச் சொல்றீங்களா? அப்படி எழுதினா எங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

தம்பி தட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்று நிமிஷம் படுக்கப் போகும்போது, ஒன்பது என்ற எழுத்தைத் தொட்டுப் பார்த்த அந்தப் பெண்ணின் விரல் அவருக்கு ஞாபகம் வந்தது. நகத்தில் சாயம் போய்க்கொண்டிருந்த விரல்.

மார்ச் இருபத்தேழு, வெள்ளிக்கிழமை, விசாரணை. நீளமான மேஜையின் அந்தப் பக்கம் தலைவர், செயலர், அவர்களுக்குப் பக்கத்திலேயே இன்ஸ்பெக்டர். மூன்று பேரும் கிடங்கு எண் போட்ட நாற்காலிகளில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். யார் விசாரிக்கிறவர், யாரை விசாரிக்கிறார்கள் என்று புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. இந்தப் பக்கம் பூட்டுக்காரரும் அவர் மனைவியும் நின்றார்கள். நாற்காலி இல்லாமல் இல்லை. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

டீ வந்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "தேதி வாசிப்பு" என்றார்.

நிமிஷம் எழுந்தார். ஒன்பது வருஷமாக வாசித்த அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல் வாசித்தார்.

"புகார் எண் ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. புகார் வந்தது மார்ச் பதினொன்று, பத்து நாற்பத்திரண்டு. ஸ்டேஷனின் விளக்கம் வந்தது மார்ச் பதினாறு, பதினொன்று இருபத்தாறு. இம்மன்றத்தின் ஆணை ஸ்டேஷனிலிருந்து வந்தது அதே நாள், பதினொன்று இருபத்தேழு. விளக்கம் கேட்டு இம்மன்றம் கடிதம் அனுப்பியது மார்ச் பதினெட்டு, பிற்பகல் மூன்று பதினைந்து."

பதிவேட்டை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்து முடித்து மாட்டிக்கொண்டார். அவர் கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. செயலர் டீக் கோப்பையை வைத்தபோது சாஸரில் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தார். அந்த அறையில் முழுசாகக் கேட்டவர் ஒருவர்தான், எந்த நேரத்தையும் நோட்டில் எழுதி வைக்கிற பூட்டுக்காரர்.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றார் அவர். "கடிதாசி போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பதில் எப்படிங்க வந்துச்சு?"

"அது எழுத்தரோட கைப்பிழை" என்றார் செயலர்.

"தீர்ப்பும் கைப்பிழையாங்க?"

செயலர் தலைவர் பக்கம் சாய்ந்து எதையோ சொன்னார். தலைவர் தலையாட்டினார். தலைவருக்கு அந்த வயதில் தெளிவாக வந்தது அது ஒன்றுதான். புதிதாக டைப் அடித்த ஆணை அவர் முன்னால் வந்தது. மூன்று பக்கம், மேற்படி நபர், டிராயர், பொய்ப் புகார், வழக்கு, எல்லாம் ஒரு எழுத்து மாறாமல் அப்படியே. தலைவர் கையெழுத்துப் போட்டார். பூட்டுக்காரரின் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பூட்டுக்காரர் அசையவில்லை.

"அப்போ இப்ப வாசிச்சாங்களே, அதுக்கு ஒரு நகல் வேணுங்க" என்றார்.

செயலர் முடியாது என்றார். அதற்குள் தலைவர் கையை உயர்த்தினார். ஆணையைப் பற்றி அவருக்கு ஒரு கருத்தும் இல்லை. சடங்கைப் பற்றி என்றால் உண்டு. தேதி வாசிப்பை உண்டாக்கியவரே அவர், அதற்கு ஒரு விதியையும் எழுதி வைத்திருந்தார். ஒன்பது வருஷத்தில் அதை ஒருவரும் கேட்டதில்லை என்ற ஏக்கம் வேறு.

"விதி ஒன்பது" என்றார் தலைவர், மலர்ந்த முகத்தோடு. "வாசிக்கப்பட்ட பகுதியின் சான்றிட்ட நகலை எந்தத் தரப்பு கேட்டாலும் அன்றே கொடுக்க வேண்டும். கொடுங்கம்மா."

தன்னுடைய மன்றத்தைத் தானே தூக்கில் போடுகிற கயிற்றைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறோம் என்று அவருக்கு உறைக்கவில்லை. நிமிஷம் நகலெடுத்து, சான்று எழுதி, முத்திரை போட்டு, பன்னிரண்டு எட்டுக்குக் கொடுத்தார். பூட்டுக்காரர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கட்டுப்போட்ட கையை வைத்துக்கொண்டார்.

அன்று மாலையே செயலர் பதிவேட்டைப் 'பாதுகாப்பு கருதி' தன் அறை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். நிமிஷத்துக்குப் புதுப் பதிவேடு ஒன்று வந்தது. அதில் நேரம் எழுத இடமே இல்லாதபடி பத்திகளைக் குறுக்கி அச்சடித்திருந்தார்கள். நிமிஷம் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினார்.

பூட்டுக்காரர் மேல் ஸ்டேஷன் வழக்குப் போட்டது. பூட்டுக்காரர் நகலைத் தூக்கிக்கொண்டு மேல் கோர்ட்டுக்குப் போனார். மேல் கோர்ட்டு, மூலப் பதிவேட்டைக் கொண்டுவா என்றது. மன்றம், பீரோச் சாவி தொலைந்துவிட்டது என்று பதில் எழுதியது. ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி பத்தரை மணிக்குக் கோர்ட்டு உத்தரவோடு, அதை நிறைவேற்றும் ஊழியரான அமீனா வந்து இறங்கினார். நிறைய சாக்குகளைக் கேட்டுக் கேட்டு முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லாமல் போன மனிதர். சாவி இல்லை என்றதும், லிப்ட் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் யாராவது பூட்டுக்காரர் இருந்தால் கூட்டி வா என்றார். கான்ஸ்டபிள் விவரம் தெரியாமல் இரண்டு தெரு தள்ளிப் போய், பக்கத்தில் இருந்த ஒரே பூட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

பூட்டுக்காரர் பையோடு உள்ளே வந்தார். கட்டுப் பிரித்துவிட்டிருந்தது, ஆனால் இரண்டு விரலும் மடங்கவில்லை. செயலரைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார்.

"காகிதம் இருக்குங்களா?" என்று அமீனாவிடம் கேட்டார்.

அமீனா உத்தரவை நீட்டினார். பூட்டுக்காரர் முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார். "இது மாதிரி ஒண்ணு அன்னைக்குக் காட்டியிருந்தா ஒரு நிமிஷத்துல திறந்து விட்டிருப்பேன்" என்றார். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஆனா இதை நான் திறக்கக் கூடாதுங்க. இந்த வழக்குல நான்தான் புகார்தாரர். நான் கை வச்சா, உள்ள நான் எதையோ மாத்திட்டேன்னு ஐயாவே நாளைக்குச் சொல்லுவாரு. வேற ஆளை வரச் சொல்லுங்க."

அடுத்த பூட்டுக்காரர் வருவதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். அமீனா பரவாயில்லை என்று ஒரு நாற்காலியை இழுத்து, செயலருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். உத்தரவைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு செயலரையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசவில்லை, டீயும் வேண்டாம் என்றுவிட்டார். பூட்டுக்காரர் சுவரோரமாக நின்றார். நிமிஷம் வாசலில் நின்றார். செயலர் கோப்பு ஒன்றை எடுத்தார், வைத்தார். வியர்வையைத் துடைத்தார். முப்பத்தொரு வருஷம் எத்தனையோ பேரை எதிரே உட்கார வைத்துப் பேசாமல் பார்த்தே பேச வைத்தவர் அவர். அதே வைத்தியம் தனக்கு நடந்தபோது முக்கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பதினொன்று இருபதுக்குச் சட்டைப் பையைத் தடவி, "அட, இங்கதான் இருக்கு" என்றார்.

பதிவேடு வெளியே வந்தது. பதினாறாம் தேதிப் பக்கத்தின் மேல் பழுப்பாக ஒரு பெரிய டீக்கறை இருந்தது. ஆனால் நிமிஷம் எழுதுவது தண்ணீரில் கலையாத மை. முப்பத்தொரு வருஷம் தடயங்களோடு பழகியவருக்கு இது தெரியவில்லை. 11.26-உம் 11.27-உம் கறைக்குள்ளே பளிச்சென்று தெரிந்தன. அமீனா பதிவேட்டை வாங்கிக்கொண்டதற்கு ரசீது எழுதிக் கொடுத்தார். நேரம் போடவில்லை. நிமிஷம் போடச் சொன்னார். போட்டார்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி மேல் கோர்ட்டு மன்றத்தின் ஆணையை ரத்து செய்தது. பூட்டுக்காரர் மேல் போட்ட வழக்கு விழுந்தது, கடை உரிமம் நின்றது. விரல் ஒடித்ததை விசாரிக்க வேறொரு மாஜிஸ்திரேட்டை நியமித்தார்கள், அது இழுத்துக்கொண்டு போகிறது. இன்ஸ்பெக்டரை வேறு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். அங்கேயும் டிராயர்கள் இருக்கும். செயலர் உடல்நிலை காரணமாக விலகிக்கொண்டார். தலைவருக்கு எதுவும் ஆகவில்லை. தேதி வாசிப்பு இல்லாத கூட்டங்களில் 407-ல் உட்கார்ந்து கண்ணாடியை மட்டும் துடைக்கிறார். அந்தச் சடங்கைத்தான் மன்றம் திருத்தம் கொண்டுவந்து ஒழித்தது. கேள்விக்கு முன்னால் பதில் வரும் முறையை ஒழிக்க யாரும் திருத்தம் கொண்டுவரவில்லை.

ஜூன் முப்பது, நிமிஷத்தின் கடைசி நாள். ஓய்வுக் கோப்பில் இன்னும் கையெழுத்து விழவில்லை. கோர்ட்டிலிருந்து பதிவேடு திரும்பி வந்திருந்தது. 1,147-க்கு எதிரே 'நிரூபிக்கப்பட்டது' என்ற பத்தி வெள்ளையாக இருந்தது. டைப்பிஸ்ட் அதில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போங்களேன், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். நிமிஷம் போடவில்லை. மன்றம் எதையும் நிரூபிக்கவில்லையே. குறிப்புப் பத்தியில் 'மன்றத்தின் ஆணை மேல் கோர்ட்டால் ரத்து' என்று எழுதி, பொறுப்பை ஒப்படைத்து, ஐந்து நாற்பத்தைந்துக்கு இறங்கினார்.

வீட்டுக்கு ஒரு மாற்றுச் சாவி வேண்டும் என்று தம்பி மனைவி சொல்லியிருந்தார். இனிமேல் பகலெல்லாம் வீட்டில் இருக்கப் போகிற நாத்தனாருக்கு. பூட்டுக்காரர் கடையில் இடதுகையால் அரம் பிடித்து ராவிக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை, மெதுவாகத்தான் வந்தது. நிமிஷம் சாவியைக் கொடுத்ததும் அவர் அடையாள அட்டை கேட்டார். நிமிஷத்துக்கு அது பிடித்திருந்தது. அட்டையைக் காட்டினார். பூட்டுக்காரர் நோட்டைத் திறந்து, கோணல் மாணலாக இடதுகையில் எழுதி, கடிகாரத்தைப் பார்த்து ஆறு மணி இரண்டு நிமிஷம் என்று போட்டார்.

"ஆறு நாலு" என்றார் நிமிஷம். "உங்களுது இன்னும் பின்னாடிதான் ஓடுது."

அவர் கடையின் கடைசியில் தொங்கிய கடிகாரத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு, இரண்டை அடித்து நாலு என்று எழுதினார். அடித்ததற்குப் பக்கத்தில் சின்னதாகத் தன் கையெழுத்தையும் போட்டார்.